எங்கள் டீம் ஜெயித்தது

என் செல்ல மகளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வாதம் வந்த வலது கை இன்னும் சரியாகவில்லை, இடது கையால் எழுதுகிறேன்.

இன்று ஞாயிறு வேதபாட வகுப்புக்கு மறுபடி போனேன். நடத்த அல்ல, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார. எனக்குப் பதிலாக வந்திருக்கும் டீச்சர் வசனத்தைக் கரும்பலகையில் எழுதி, சுற்றுக்கு ஒரு வார்த்தையாக அழித்துக்கொண்டே வந்தாள். அழிந்ததையும் சேர்த்து முழு வசனத்தையும் சொல்ல வேண்டும். தடுமாறினால் அந்த டீம் அவுட்.

"பழைய டீச்சர் எங்க டீமுக்கு வேணாம் மிஸ். அவங்களுக்கு இன்னும் சரியா பேச வரல, தோத்துடுவோம்" என்றாள் ஒரு வாயாடி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உண்மைதானே! எதிர் டீம் என்னைக் கைபிடித்து இழுத்துக்கொண்டது.

கடைசிச் சுற்றில் பலகை காலி. என் முறை. வீட்டில் தண்ணீர் கேட்கவே சைகை காட்டுகிறவள், எழுந்து நின்றேன். முதல் வார்த்தை மெதுவாக வந்தது. அதன் பின்னாலேயே மற்றவையும் வரிசையாக வந்து, முழு வசனமும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. நாளைக்குப் போன் செய். அப்பா எடுத்தால் என்னைப் பற்றி அவரிடம் விசாரிக்காதே, "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல். நானே பேசுகிறேன்.

உன் அம்மா