முப்பிடாதி பெயரில் போட்ட வரி

தூத்துக்குடி
மாசி மாதம், சனிக்கிழமை, 1975

அன்பு மகன் இசக்கியப்பனுக்கு அம்மா சண்முகத்தாய் எழுதுவது. நீயும் மருமகளும் பம்பாயில் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன், உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை மட்டும் நான் நிறுத்தவில்லை. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு இருக்காது. உன் தங்கச்சி அருணாசலவடிவின் மூத்தவன் சொரிமுத்துவுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தால் அவனுக்குக் கொழும்பே தெரியும் என்று அவன் அம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். அவள் இளையவள் பேபி டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு, இன்ஸ்டிடியூட் வாசலில் கரும்பலகையில் பெயர் எழுதிப் போட்டிருந்தார்கள், நான் மார்க்கெட்டுக்குப் போகிறபோது ரிக்சாக்காரரை அந்த வழியாக விடச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். உன் மகள் முப்பிடாதி இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் எடுக்கப்பட்டிருக்கிறாள். மெட்ராஸில் நாலு நாட்டுப் பெண்கள் வந்து ஆடுகிறார்கள், எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள், இப்போதுதான் வளர்ந்து வருகிற அணிகள் மட்டும் ஆடுகிற போட்டியாம். அவள் காலேஜ் விளையாட்டு டீச்சர் ஞானபாய் சாயர்புரத்திலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கே வந்து சொன்னார்கள், சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பு கொண்டுவருகிறவர் முதற்கொண்டு நான் சொல்லாத ஆள் கிடையாது.

இனி நீ செய்த வேலையைக் கேள். இந்தக் கடிதத்தை நான் மில்லர்புரம் வீட்டிலிருந்து எழுதவில்லை, நம் அம்மன் கோயில் கொட்டகையில் பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்தில் மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டிவிட்டால் வரிப்பணம் கொடுத்தவர்கள் கொடை முடிகிறவரை ஊர் எல்லைக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா. உன் அப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் பதினைந்து நாளில் கோவில்பட்டிக்குச் சரக்கு எடுக்கக்கூடப் போகமாட்டார்கள், வியாபாரம் போனாலும் போகட்டும் என்று இருப்பார்கள். ஆனால் வரி ஆண்களுக்குத்தான், பெண்களுக்குக் கிடையாது, அதனால் கட்டும் கிடையாது. கால்நாட்டிய மறுநாளே பிரசவத்துக்குப் போனவர்கள் உண்டு, கல்யாணத்துக்குப் போனவர்கள் உண்டு, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை நம்பித்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம், பிள்ளை வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் போதும் என்று டீச்சரிடமும் சொல்லியிருந்தோம். நீ என்ன செய்தாய், இந்த வருஷம் உன் பெயருக்கு ஒரு வரி, பிள்ளை பெயருக்கு ஒரு வரி என்று மணியார்டர் அனுப்பி, அடியில் என் மகள் ஆண்பிள்ளைக்குக் குறைந்தவள் இல்லை, அவள் பெயரையும் சபையில் வாசிக்க வேண்டும் என்று எழுதினாயாம். யாரிடம் கேட்டு எழுதினாய். என் மருமகளுக்குச் சேலை எடுக்கட்டுமா என்று கேட்கக்கூட எனக்கு எழுதுகிற நீ, இதை ஒரு வரி எனக்கு எழுதியிருந்தால் கையைப் பிடித்திருப்பேனே.

செவ்வாய்க்கிழமை கால்நாட்டு. பந்தலில் எல்லோரும் நிற்கிறோம், உன் சித்தப்பா ஆறுமுகநயினார்தானே இப்போது கோயில் பொறுப்பு, அவர் வரிக்காரர் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க, அவரவர் போய் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை வாங்கிக்கொள்கிறார்கள். உன் பெயரை வாசித்தார், ஊரில் இல்லை என்று தள்ளி வைத்தார். அடுத்தாற்போல இசக்கியப்பன் மகள் முப்பிடாதி என்று வாசித்தார். பந்தலே திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்பிள்ளையின் பெயர் அந்த இடத்தில் கேட்டு நான் அறிந்ததில்லை, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பிள்ளையும் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்க் கையை நீட்டிவிட்டது. கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு உன் சித்தப்பா, இனி கொடை முடியுமட்டும் எல்லையைத் தாண்டிராத தாயி என்று சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் உன் தங்கச்சி வடிவு என் கையைக் கிள்ளினாள். பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே, கையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் உன் சித்தப்பா வீட்டுக்கு நடந்த நடையை எந்த வேண்டுதலுக்கும் நடந்ததில்லை. வரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன், அம்மனுக்குக் கொடுத்ததைத் திருப்புகிற வழக்கம் இல்லை என்றார். கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்றேன், நடுவில் அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது, நாளைக்கு ஒன்று ஆனால் என்னைத்தானே மைனி கேட்பீர்கள் என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர், அதுதான் எனக்கு ஆத்திரம், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். பெண்பிள்ளை பந்து விளையாடப் போவது தப்பு என்றும் அவர் சொல்லவில்லை, ஆணாக இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன் என்கிறார். ஆண்பிள்ளைக்குச் சமம் என்று நீ எழுதிய அந்த ஒரு வார்த்தையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். ஞானபாய் டீச்சர் வேறு வந்து, சனிக்கிழமை பயிற்சிக்கு வராவிட்டால் காத்திருக்கிற வேறு பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிச் சுவரில் வருஷக்கணக்காகப் பந்தை எறிந்து எறிந்து பழகின பிள்ளை, அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு மத்தியானம் தூக்கமே வராது, அவள் இரண்டு நாளாகப் பந்தைத் தொடவில்லை. அழவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டில் சோற்றைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை மாலை கொடைக் கூட்டம். வரிக்காரர் மட்டும் உட்காருகிற கூட்டம், பெண்கள் மதிலுக்கு வெளியே நிற்பதுதான் வழக்கம். நானும் வடிவும் மதிலோரம் நிற்கிறோம், பார்த்தால் உன் மகள் நேரே உள்ளே போய் விரிப்பில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று யார் யாரோ சொல்கிறார்கள். அவள் எழுந்திருக்காமல், "கட்டுப்படுத்துததுக்கு மட்டும் நான் வரிக்காரியா தாத்தா, உக்காந்து பேசுததுக்கு இல்லையா" என்று கேட்டாள். உன் சித்தப்பா, சரி பேசு என்றார். கொழும்புக்குத் தோணியில் போகிறவர்கள் கொடைக்கு எப்படி என்று கேட்டாள். அதற்கு ஒரு வழி உண்டு என்பது எனக்கும் தெரியும், ஆனால் என் புத்திக்கு அது எட்டவே இல்லை பார். தோணியில் போனவன் காற்று இல்லாமல் கடலில் மாட்டிக்கொண்டால் அவன் வீட்டிலிருந்து ஒருவர் அவனுக்கு மாற்றாகக் கயிறு கட்டிக் கொட்டகையிலேயே தங்கி ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்க வேண்டும், அம்மன் ஏற்றுக்கொள்ளும். அது கடல் தொழிலுக்கு உண்டானது, தோணி காற்றுக்குக் கட்டுப்பட்டது, நீ யாருக்குக் கட்டுப்பட்டவள் என்று உன் சித்தப்பா கேட்டார். "டீமுக்கு தாத்தா. அங்க பதினோரு பேரு சேந்துதான் நிக்கணும், ஒருத்தரு குறைஞ்சா அது ஆட்டம் இல்ல" என்றாள். பின்னாலிருந்து பலசரக்குக் கடை வன்னியபெருமாள், "ஏளா, வெள்ளக்காரிக்குப் பந்து பொறுக்கிக் குடுக்கவா இம்புட்டுப் பாடு" என்று சத்தம் கொடுத்தான், எல்லோரும் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "இல்ல மாமா, அவளப் பொறுக்க வைக்கத்தான் போறேன்" என்றாள். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான்.

உன் சித்தப்பா சிரித்தவர்களைக் கையமர்த்திவிட்டு, தோணிக்காரனுக்கு உண்டான வழி உனக்கும் ஆகட்டும் என்றார். பிறகு, உன் வீட்டில் மாற்று நிற்க யார் இருக்கிறார்கள், உன் அப்பா பம்பாயில் அல்லவா இருக்கிறான் என்று கேட்டார். சொரிமுத்துவும் பேபியும் வடிவின் பிள்ளைகள், வேறு வீட்டு ஆட்கள், அவர்கள் ஆகாது. வீட்டு ஆள் என்று இருப்பது நான் ஒருத்திதான். மதிலுக்கு வெளியே நின்றபடியே நான் இருக்கிறேன் என்றேன். ஆச்சி வேண்டாம் என்று பிள்ளை எழுந்துவிட்டாள், உக்காருளா என்று அதட்டி உட்கார வைத்தேன். எனக்குக் கயிறு கட்டும்போது உன் சித்தப்பா, மைனி உங்களுக்கு வயசாச்சே என்றார், வயசான பிறகு எங்கே போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் உண்மை என்ன தெரியுமா இசக்கியப்பா, நான் போவதாக இருந்தேன். கடைசி ஆட்டத்துக்குச் சொரிமுத்து எனக்கும் அவனுக்கும் ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். அவள் ஆடிய ஆட்டம் எல்லாம் மதுரையில், திருச்சியில், மெட்ராஸில் நடந்தது, நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தூரத்தில் பந்து தெரிய வேண்டும் என்று பாளையங்கோட்டைக் கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டேன், இப்போது அதை மாட்டிக்கொண்டு மேளக்காரர் பீடி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசி ஆட்டமும் கொடையும் ஒரே நாள், வருகிற செவ்வாய் விட்டு மறு செவ்வாய்க்கிழமை. ரேடியோவிலாவது கேட்கலாம் என்றால் ஆண்கள் ஆடினால் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூச்சு விடாமல் சொல்கிறார்கள், இவர்கள் ஆட்டத்துக்கு ஒரு பேச்சும் கிடையாதாம், சொரிமுத்து விசாரித்துவிட்டான். பத்திரிகையில் இரண்டு வரி வந்தது, அதில் தலைவியின் பெயர் மட்டும் இருக்கிறது. இத்தனை பாடும் பட்டு பிள்ளையை அனுப்பியிருக்கிறேன், அவள் அங்கே ஜெயித்தாளா தோற்றாளா என்று அவள் திரும்பி வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். கொட்டகையில் கொசு, ஒருவேளைச் சாப்பாடு, இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. எனக்கு எரிச்சல் எல்லாம் இதில்தான்.

உன்னைத் திட்டி இன்னும் ஒரு பக்கம் எழுத இருந்தேன். ஆனால் நேற்று ரயிலடியில் சொரிமுத்து உன்னைப் பற்றி ஏதோ குறையாகச் சொல்ல வந்தானாம், பிள்ளை அவனைப் பேசவிடவில்லையாம். "அப்பா எம்பேர வாசிக்க வச்சாங்கல்லா அத்தான், அந்தப் பந்தல்ல வேற எவ பேரு கேட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாளாம். அவன் கொட்டகைக்கு வந்து என்னிடம் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை, கோபமும் போகவில்லை. ஆகையால் நீ இதைச் செய். எக்ஸ்பிரஸ் டெலிவரியில் அனுப்புகிறேன், கையில் கிடைத்ததும் லீவு போட்டுவிட்டு மெட்ராஸுக்கு வண்டி ஏறு. லீவு கிடையாது, துரை விடமாட்டான் என்று எனக்குப் பதில் எழுதாதே, மகளுக்காக வரி போடத் தெரிந்தவனுக்கு லீவு போடவும் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா வந்து உட்கார்ந்திருப்பார்கள், நம் பிள்ளைக்கு ஞானபாய் டீச்சர் மட்டும்தான் இருப்பார்கள். அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் உட்கார். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகாதே. தோற்றாலும் புத்தி சொல்லாதே, முதலில் சாப்பிட வாங்கிக் கொடு. பொதுத் தண்ணீரைக் குடிக்கவிடாதே, அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கொடை முடிந்து என் கயிற்றை அவிழ்த்ததும் உனக்குத் திருநீறும் மஞ்சளும் அனுப்புகிறேன்.

அம்மன் உன்னையும் மருமகளையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை காரியம் எல்லாம் கூடி வரட்டும், பிள்ளைக்கு அந்நிய ஊரில் கால் தடுக்காமல் இருக்கட்டும். கடைசியாக ஒன்று, இதை மறந்தால் நான் உன்னோடு பேசமாட்டேன். உன்னோடு வேலை பார்க்கிற யாரிடமாவது கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போ. ஸ்டூடியோவில் பூச்சாடி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் எனக்கு வேண்டாம், பரிசு வாங்குகிற படமும் வேண்டாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஓடி வருகிறபோது எடு, முகம் தெரிய வேண்டும். சுவரைப் பார்த்து எறிகிறவளை இத்தனை வருஷம் முதுகுப்பக்கம்தான் பார்த்திருக்கிறேன், எதிரே நிற்கிறவளுக்கு அவள் முகம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, மடங்காமல், கழுவிய அன்றைக்கே தபாலில் போட்டுவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
சண்முகத்தாய்