ஜொகரா அக்காவின் பச்சைக் கதவு

மார்ச் 4, புதன்

காலையிலேயே புழுக்கம். வாசல் கதவுக்கு இரண்டாவது கை நீலம் அடித்தாயிற்று. மொட்டை பிளைவுட் கதவு இப்போது மாதுங்கா பணக்கார ஃபிளாட் கதவு மாதிரி நிற்கிறது. செய்தது இவ்வளவுதான்: மெல்லிய மரப்பட்டிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டி, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட். இவருடைய பழைய முதுகு எக்ஸ்ரேயில் மாங்காய் வடிவம் வெட்டி, அந்த ஓட்டை வழியாகத் தங்க நிறத்தைப் பஞ்சால் ஒத்தி எடுத்தேன்.

"என் எலும்ப வச்சாட்டி கோலம் போடுத?" என்றார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம்.

மீதி வேலை: ஸ்டூலுக்கு ரெக்சின் (பை தைத்த மிச்சம் இருக்கிறது). மசாலா அலமாரிக்குக் கைப்பிடி. தின்னர் தீர்ந்தது.

மார்ச் 6, வெள்ளி

பக்கத்து வீட்டு ஜொகரா அக்கா வந்து கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள். நோன்புக் களைப்பு முகத்தில் தெரிந்தாலும் கண் மட்டும் கதவை விட்டு நகரவில்லை.

"ஏளா செல்வி, எனக்கும் இப்டி ஒண்ணு பண்ணித் தாயேன். பெருநாளைக்கு எம் மவளப் பாக்க மாப்ள வீட்டுக்காரவ வாராவ. இந்தக் கதவப் பாத்தா மூஞ்சியச் சுளிப்பாவ."

தாராவியில் இந்தச் சந்தில் இருபது வருஷமாகச் சுவருக்குச் சுவர். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். மாட்டேன் என்று வாய் வருமா? உண்மையில் எனக்கே கை துறுதுறு என்றுதான் இருந்தது. பச்சை வேண்டுமாம். மாங்காயும் வேண்டுமாம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக் கதவைத் தேய்த்தேன். கதவா அது? ஊரில் உள்ளவன் எல்லாம் கிறுக்கிய பலகை. போலியோ சொட்டு மருந்துக்காரர்களின் சாக்பீஸ் குறி, கேஸ்காரன் எழுதிய தேதி, ஏதோ கட்சி ஸ்டிக்கர், சிவப்பு பெயிண்டில் நம்பர். எல்லாம் போச்சு. உப்புத்தாள் நாலு தாள் காலி. குழந்தை கன்னம் மாதிரி வழுவழு. முதல் கை பச்சையும் அடித்துவிட்டேன்.

தோள்பட்டை வலி. தைக்க வேண்டிய பைக் கைப்பிடி அப்படியே கிடக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

பச்சைக் கதவு முடிந்தது. போகிறவர், வருகிறவர் நின்று பார்த்தார்கள். மூன்றாம் வீட்டுக்காரி தனக்கும் வேண்டும் என்றாள். தலைக்குக் கொஞ்சம் கனம் ஏறியது நிஜம்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயில் பேச்சு: வியாழக்கிழமை நம் சந்துக்குப் படிவக்காரர்கள் வருகிறார்களாம். இங்கே எல்லாவற்றையும் இடித்துக் கட்டடம் கட்டுகிறார்கள் அல்லவா, யார் யாருக்கு வீடு என்பதற்கு முதலில் வீட்டுக்கு வீடு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அந்த நம்பர் தெரிய வாசலில் நிற்கவைத்து ஃபோட்டோ எடுத்து, படிவம் நிரப்புவார்களாம்.

எங்கள் நம்பர் வாசல் பக்கத்து டைல்ஸில் பத்திரமாக இருக்கிறது. அக்கா வீட்டு முன்பக்கத்தில் சுவரே இல்லை, அகலம் முழுக்கக் கதவுதான். அந்தச் சிவப்பு நம்பர்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தேய்க்கிற நேரத்தில் அதுவும் ஒரு கறையாகத்தான் கண்ணில் பட்டது. பாவி நான். என்ன நம்பர் என்றுகூட ஞாபகம் இல்லை.

மார்ச் 11, புதன்

இவரிடம் சொன்னேன். "நாளைக்கு முன்னால ஆபீஸுக்குப் போயி நடந்ததச் சொல்லிட்டு வாட்டி. வேற சோலி பாக்காத" என்றார். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

போகவில்லை. அங்கே யார் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை, வெட்கம். கதவு கதவு என்று ஆடிவிட்டு நம்பரை அழித்தேன் என்று எவனிடமோ போய்ச் சொல்ல வேண்டுமே.

அக்காவுக்கு அந்தப் பக்கத்து வீடு 41. இந்தப் பக்கம் நாங்கள் 43. அப்படியானால் அக்கா 42. வேறென்ன இருக்க முடியும்? சிவப்பு பெயிண்ட் வாங்கி, அவர்கள் எழுதும் கோணல் எழுத்திலேயே அச்சாக எழுதினேன்.

"இதுதானா பழைய நம்பரு?" என்று கேட்டாள். அவள் கைநாட்டு.

"இதுதான் அக்கா."

"நீ சொன்னா சரிளா."

மார்ச் 12, வியாழன்

இரண்டு பேர் வந்தார்கள், கையில் பெரிய ஃபோன் மாதிரி ஒரு டேப். முதலில் அக்கா வீடு. பெரியவர் கதவைப் பார்த்தார், டேப் திரையைப் பார்த்தார். 42 என்பது எங்கள் வீட்டுக்கு மேலே, ஏணி வைத்து ஏறுகிற அறையாம். முதல் முறை அவர்கள் வந்தபோது அக்கா ஊருக்குப் போயிருந்தாள், வீடு பூட்டு. அப்புறம் வேறொரு நாள் வந்து வேறு ஏதோ நம்பர் போட்டிருக்கிறார்கள். அவள் ஊருக்குப் போனது எனக்குத் தெரியும். சாவியே என்னிடம்தான் இருந்தது. அதை யோசித்தேனா? இல்லை.

அவர் எழுத்தைத் தொட்டார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"யே கிஸ்னே லிகா?"

யார் எழுதியது என்று கேட்கிறார். நான் அக்காவுக்கு ஓரடி பின்னால் நிற்கிறேன். அடுத்தது எங்கள் வீடு. வாயைத் திறந்தால் எங்களையும் மோசடிக்காரர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அது மட்டும்தான் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை.

"மைனே," என்றாள் அக்கா. நான்தான் எழுதினேன்.

அவர் பேனாவை நீட்டினார். அப்படியானால் இந்தத் தாளில் அதே மாதிரி எழுதிக் காட்டு என்றார். அக்கா வாங்கினாள். எந்த முனை கீழே என்று பார்த்துக்கொண்டாள். ஒரு கோடு இழுத்தாள். இன்னொரு கோடு. சின்னவன் சிரித்துவிட்டான்.

நகத்தில் ஒட்டியிருந்த சிவப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பழைய காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வா, விசாரித்து முடிக்கிறவரை இந்த வீட்டுக்குப் படிவம் கிடையாது என்றார்கள். அக்கா தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் எனக்கு வினையாகிவிடும் என்று. நோன்பு வைத்த வாயால் எனக்காகப் பொய் சொன்னாள்.

அப்புறம் எங்கள் வீடு. 43, சரி. வாசலில் நின்றேன், ஃபோட்டோ. கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.