குளக்கட்டில் வைக்காத கல்

ஆவணி, புதன்கிழமை.

இன்று கார் குளக்கட்டில் ஏறிவிட்டது. இந்த நாட்குறிப்பை எழுதப் பழகிய பிறகு எழுதுகிற மிக நல்ல செய்தி இதுதான்.

எங்கள் பக்கம் முழுவதும் சமதரை. ஏற்றம் என்றால் குளக்கட்டு ஒன்றுதான். அதில் பாதியில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் எடுத்தால்தான் லைசென்ஸ் ட்ரயலுக்கு அனுப்புவேன் என்று கார் பழக்குகிற சுகந்தி சொல்லியிருந்தாள்.

பாதியில் நிறுத்தினேன். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

“என்ன ஐயா, பாத்துக்கொண்டிருக்கிறியள்?”

“கல்லு வைக்கட்டும், பிள்ளை.”

“ஆர் வைக்கிறது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்பு இந்த ஏற்றத்தில் உழவு மெசினை நிறுத்தினால், என் மனைவி பொன்னம்மா இறங்கிப் பின் சில்லுக்குக் கல் வைப்பாள். “ம், இனி எடுங்கோ” என்பாள். அவள் இல்லாமல் போனதும் மெசினை விற்றுவிட்டேன்.

சுகந்தி சிரித்தாள். “காருக்குக் கல்லு ஹான்ட் பிரேக்தான். இழுங்கோ. கிளச்சை மெல்ல விடுங்கோ. கார் நடுங்கேக்கை ஹான்ட் பிரேக்கை இறக்குங்கோ.”

கார் நடுங்கியது. இறக்கினேன். ஒரு சாண்கூடப் பின்னுக்குப் போகவில்லை.

“ட்ரயலுக்கு வெளிக்கிடுங்கோ” என்றாள்.

சந்தோசமாக மேலே ஏறியதும் காரை நிறுத்திவிட்டேன்.

“இனி ஏன் நிக்கிறியள், ஐயா?”

சும்மா என்றேன். முன்பெல்லாம் மெசின் ஏறியதும் பொன்னம்மா அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். அவள் வந்து ஏறும்வரை மெசின் அந்த இடத்தில்தான் நிற்கும்.