அபிராமியின் கண்ட்ரோல் எஸ்

4 ஆகஸ்ட் 2008, திங்கள்
ஆபீசுக்குப் புதுப்பெண் வந்திருக்கிறாள். அபிராமி, தேனிப் பக்கம். உட்கார்ந்ததும் மவுசை மானிட்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். எல்லாமே கீபோர்டில்தான். எந்தப் பெட்டியில் எந்தக் கலர் பனியன் என்று நான் ஒரு பேக்கிங் லிஸ்ட் அடிப்பதற்குள் அவள் இரண்டு முடிக்கிறாள். எரிச்சலாக இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

ஆர்டர் குறைந்தால் கம்ப்யூட்டர் வேலைக்கு ஒருத்தர்தான் என்று முதலாளி மாரப்பன் முன்பே சொல்லிவிட்டார். அந்த ஒருத்தர் நானாக இருக்க வேண்டுமே.

7 ஆகஸ்ட்
ஆல்ட் டேப். மெயிலும் எக்செலும் மாறி மாறி வருகின்றன. மந்திரமா இது?

19 ஆகஸ்ட்
மானத்தை விட்டுக் கேட்டேன். "இதுக்குப் போயி எதுக்குக்கா தயங்குறீக?" என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நிரப்ப கண்ட்ரோல் டி. இத்தனை வருசம் ஒவ்வொரு பெட்டிக்கும் கலர் பெயரைத் தனித்தனியாக அடித்தேனே, என்னை என்ன சொல்ல?

12 செப்டம்பர்
சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். காலையிலிருந்து அடித்ததைச் சேவ் செய்யவில்லை. கரண்ட் போனது. எங்கள் முதலாளி யுபிஎஸ்ஸை சிபியுவுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார், மானிட்டருக்குக் கிடையாது. திரை இருண்டு கிடக்கிறது, யுபிஎஸ் கத்துகிறது. போச்சு, எம்பொழப்பே போச்சுன்னு நானும் கத்திவிட்டேன்.

அபிராமி ஓடி வந்தாள். "கடைசியா எக்செலைத்தானக்கா தொட்டீக?" ஆமென்றேன். இருட்டுத் திரையிலேயே கண்ட்ரோல் எஸ் அடித்துச் சேவ் செய்தாள். பிறகு விண்டோஸ் பட்டன், யூ, யூ. சிபியு தானாக அடங்கியது. கரண்ட் வந்ததும் திறந்தால் ஒரு வரிகூடக் குறையவில்லை.

என்ன கைடா சாமி இது! என் லிஸ்ட் அழிந்திருந்தால் அவளுக்குத்தானே லாபம்? அது அவளுக்குத் தோன்றவே இல்லை போல.

13 செப்டம்பர்
இன்று மவுசைத் தொடவே இல்லை.

3 நவம்பர்
தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் பாதியாகிவிட்டது. முதலாளி என் பின்னால் நின்று பார்த்தார். "ஏனுங்க மயிலாளு, ரெண்டு பேர் வேலைய நீங்க ஒருத்தரே முடிச்சுருவீங்களாட்ட இருக்குதுங்களே." பெருமையாகத்தான் இருந்தது. அவர் போன பிறகுதான் உறைத்தது.

5 நவம்பர்
அவரிடம் போனேன். "அந்தப் புள்ள என்னைய விடக் கெட்டிக்காரிங்க..." என்று ஆரம்பித்தேன். "பழைய ஆள அனுப்ப முடியுங்களா?" என்றார். அவளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊட்டு வாடகை, பையன் ஸ்கூலு— வாய் வரலை.

8 நவம்பர்
அபிராமி கிளம்பினாள். இன்னும் வேறு வேலை அமையவில்லையாம். "நீங்க இம்புட்டு வேகமாக் கத்துக்குவீகன்னு நெனைக்கலக்கா," என்று சிரித்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

10 நவம்பர்
இரண்டு பேர் வேலையும் நாலு மணிக்கே முடிந்துவிட்டது. ஆறு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.