டீக்கனின் நற்குணங்கள்

செப்டம்பர் 4, செவ்வாய்

தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று நூலகத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஜாய்ஸ் அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். இது அந்த வரி. எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

செப்டம்பர் 5

இன்று நிறைய வரி. மழை இல்லை.

எழுபத்தேழு வயதில் எழுதப் பழகுகிறேன் என்று ஓபலுக்குச் சிரிப்பு. நாற்பத்தெட்டு வருடமாக என் மனைவி. மருந்துப் புட்டியில் என்ன போட்டிருக்கிறது, விதை மூட்டையில் என்ன போட்டிருக்கிறது, எல்லாம் அவள் வாசித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நோட்டுல என்னைப் பத்தி எதையாவது எழுதிவச்சிடாதே, எழுத்தாளரே. எனக்கும் வாசிக்கத் தெரியும்," என்கிறாள்.

உன்னைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஓபல்.

செப்டம்பர் 9, ஞாயிறு

சபை முடிந்து வந்து களத்தைச் சுற்றிப் பார்த்தேன். இந்தக் கோடையில் புல் வரவில்லை. உருட்டிவைத்த காய்ந்த புல், பசுக்களுக்கும் இளம் கன்றுகளுக்கும் இன்னும் ஒரே ஒரு வாய்க்கும்தான் குளிர்காலம் தாண்டும். வளர்ந்த எருதுகள் இரண்டு நிற்கின்றன. ஒன்று போக வேண்டும். டீக்கன் போகிறான். அவன்தான் நன்றாகக் கொழுத்திருக்கிறான்.

கறிக்கடை டாயல் அக்டோபர் இருபத்து மூன்றை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறான். அதை விட்டால் நவம்பர், டிசம்பர் முழுக்க அவன் கடையில் வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் மான்தான் தொங்கும். ஒரு எருதை நாலு கால் பங்காகப் பிரிப்போம். அதற்குள் மூன்று பங்குக்கு ஆள் சொல்ல வேண்டும். நாலாவது பங்கு எங்கள் வீட்டுக்கு. ஆள் கிடைக்காவிட்டால் ஏலச்சந்தை. நாங்கள் வளர்த்த எருதை இதுவரை ஏலத்துக்கு அனுப்பியதில்லை. யார் வீட்டு அடுப்பில் வேகப்போகிறது என்று தெரிந்துதான் விற்றிருக்கிறோம்.

வருடாவருடம் பங்கு வாங்கும் மூன்று வீட்டுக்கும் ஓபல்தான் கார்டு எழுதுவாள். இந்த வருடம் நான் எழுதுகிறேன் என்றேன்.

"எழுதேன்," என்றாள். பேனாவை அவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு வெகு நேரம் பாத்திரம் கழுவினாள். மொத்தம் மூன்று பாத்திரம்தான் கிடந்தது.

செப்டம்பர் 12

மூன்று நாள், மூன்று கடிதம். ஓபல் எழுதினால் இரண்டு வரியில் முடித்துவிடுவாள். நான் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வாங்குகிறவர்களுக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா?

எழுதியது இது: டீக்கனுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் எங்கள் சபையில் ஊழியம் பார்க்கும் டீக்கன் எல்டன். அவரைப் போலவே வாயில் எதையும் வைக்கும் முன் கண்ணை மூடிக்கொள்வான். கூப்பிட்டால் வருவான். வேலி ஓரம் நான் நின்றால் என் தோளில் தாடையை வைத்துக்கொள்வான். பேரிக்காய் பிடிக்கும். இடி இடித்தால் கன்றுகளுக்கு நடுவில் போய் நிற்பான், அவை மிரளாமல் இருக்க. இப்படி ஒரு நல்ல எருது எங்களிடம் இதுவரை இருந்ததில்லை. கால் பங்கு வேண்டுமா, சொல்லுங்கள்.

ஓபலுக்கு வாசித்துக் காட்டாமலே உறையை ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 14

கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டு தடவை போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

செப்டம்பர் 16, ஞாயிறு

சபை வாசலில் எல்டன் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள்.

"டேய் ஹோபர்ட், உன் கடிதாசி வந்துச்சு. நல்லா எழுதியிருக்கே."

"அப்படியா?"

"அப்படித்தான். இப்ப நீயே சொல்லு. என் பேரை வச்சுக்கிட்டு, என்னை மாதிரியே கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற ஒருத்தனை நான் வறுத்துத் தின்னணுமா?"

"உன் பேரை எங்கடா வச்சேன்? உன் பதவியைத்தானே வச்சேன்."

"அது இன்னும் மோசம்."

இந்த வருடம் அவர் வீட்டில் பன்றிக்கறியாம்.

செப்டம்பர் 18

அடுத்த பண்ணை வெர்லீன் போனில் கூப்பிட்டாள். கணவன் இறந்த பிறகும் கால் பங்கு வாங்குவதை நிறுத்தாதவள்.

"ஹோபர்ட் பிரதர், இடி இடிச்சா கன்னுக்குட்டிங்க நடுவுல போய் நிப்பான்னு எழுதியிருக்கீங்களே, அதை மூணு தடவை வாசிச்சேன். மூணு தடவையும் அழுதேன்."

"சந்தோஷம் சிஸ்டர். அப்ப உங்க பங்கு—"

"ஐயையோ, எனக்கு எப்படி இறங்கும்? கோழி போதும்."

வருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் நான் எழுதியதை ஒருத்தர் மூன்று தடவை வாசித்திருக்கிறார். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 20

சில வருடம் முன்பு குட்டைக்கு அந்தப் பக்கம் இடம் வாங்கிக் குடிவந்த கோடியும் ஷெல்பியும் பிள்ளைகளோடு வந்தார்கள். கையில் ஒரு கூடை பேரிக்காய். எங்களுக்கு என்று நினைத்து நன்றி சொன்னேன். டீக்கனுக்காம். பிள்ளைகள் ஊட்டின. அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

கோடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க லெட்டரைப் பசங்க ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்காங்க, பெரியவரே. அதே ஃப்ரிட்ஜுக்குள்ள இவரை எப்படி நான் வைக்கிறது?" என்றான்.

'இவரை' என்றான்.

அவர்கள் போனதும் ஓபல் கையை நீட்டினாள். மேசை இழுப்பறையில் கிடந்த கடிதத்தின் முதல் படியை எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசிக்க ஆரம்பித்தவள் பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மாட்டை விக்கச் சொன்னா, நீ மாப்பிள்ளை பார்த்திருக்கே."

செப்டம்பர் 21

என்ன காரியம் பண்ணிட்டேன். இத்தனை வருஷமா இருந்த மூணு வீடு, ஒரே வாரத்துல போச்சு. டாயல் வேற கேக்கிறான், தேதி வேணுமா வேண்டாமான்னு. வேண்டாம்னா வேற யாருக்காவது குடுத்துடுவான். அப்புறம்? டீக்கனை ஏலத்துக்கு ஓட்டணுமா? நம்பர் ஒட்டி, முன்னப்பின்ன தெரியாதவன் லாரியில— அவன் கூப்பிட்டா வருவானே. யார் கூப்பிட்டாலும் வருவானே.

செப்டம்பர் 23, ஞாயிறு

காலையில் முட்டை பொரித்துக்கொண்டே ஓபல் கேட்டாள்: "மூணு கால் பங்கை விடு. நாலாவது பங்கு நமக்கு. நீ திம்பியா?"

சட்டியைப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஐம்பது எருதுக்கு மேல் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் நல்லதும் இருந்திருக்கும். ஒருநாளும் இப்படி ஆனதில்லை. இவனைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் என் முன்னால் நின்றான்.

"தெரியும்," என்றாள் ஓபல். முட்டையை என் தட்டில் போட்டாள்.

செப்டம்பர் 25

ஓபல் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இன்னொருத்தனைப் பத்தி எழுது. ஒண்ணையும் மறைக்காதே."

இன்னொருவன் என்றால் முப்பத்தொன்று. காதில் மாட்டிய எண்தான் அவனுக்குப் பெயர். வேறு பெயர் வைத்து, கூப்பிட்டு, வந்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் வைக்கவில்லை. டீக்கனைவிடக் கொஞ்சம் இளைப்பு. நாள் முழுக்கக் கோபப்பட்டால் உடம்பு எங்கே தேறும்?

நான் நினைத்து நினைத்து எழுத, ஓபல் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தாள். எல்டனைக் குட்டையில் தள்ளியது எனக்கே ஞாபகம் இருந்தது. வெர்லீனின் அவரைப் பந்தலுக்குள் புகுந்து மூன்று வரிசையை மிதித்தது, கோடியின் புது வண்டிக் கதவை முட்டி நெளித்தது, நாளும் நேரமும் உட்பட ஓபல் சொன்னாள். என் விலா எலும்பு இரண்டு உடைந்ததைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அதுக்கு நான் மட்டும்தான் அவனைத் திங்கணும்," என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். கடைசியில் கையெழுத்து யார் போடுவது என்று வந்தது. அவள் பெயரை நான் எழுதினேன். என் பெயரை அவள் எழுதினாள்.

செப்டம்பர் 28

மதியத்துக்குள் மூன்று பேரும் போன்.

எல்டன்: "விலா எலும்பு எனக்கு வந்தாகணும்டா. சின்னச் சின்னதா வெட்டச் சொல்லு. நான் மெதுவாத்தான் சாப்பிடப்போறேன்."

வெர்லீன்: "அவனா? நாக்கையும் சேர்த்துக் குடுங்க, பிரதர்."

கோடி வீட்டில் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்களாம்: அவன் உண்மையிலேயே கெட்டவனா? உண்மையிலேயே என்றேன். அப்படியென்றால் சரியாம்.

ஓபல் நாலாவது கால் பங்கையும் உறுதி செய்தாள்.

அக்டோபர் 2

டாயலிடம் ஆளை மாற்றிவிட்டோம் என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்த முப்பத்தொண்ணா? பெரியவரே, அவனைச் சத்தம் போட்டு அடிச்சு மிரட்டிக் கொண்டுவந்தீங்கன்னா கறி கறுத்துப்போயிடும். செருப்புத் தோல் மாதிரி இருக்கும். நாலு வீட்டுக்காரங்களும் என்னைத்தான் திட்டுவாங்க. அமைதியா வந்தா எடுக்கிறேன். இல்லைன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

திருப்பி அனுப்பினால் எங்கே வைத்துத் தீனி போடுவது? அப்புறம் ஒருவன் ஏலத்துக்குத்தான். அது டீக்கனாகத்தான் இருக்கும். முப்பத்தொன்றை ஏலத்துக்கும் வண்டியில் ஏற்றிவிட முடியாதே.

அக்டோபர் 9

மாடு ஏற்றும் டிரெய்லர் வண்டியை டிரக்கிலிருந்து கழற்றி, ஏறும் பலகையை இறக்கி, மேய்ச்சல் நிலத்திலேயே ஒரு வாரமாக நிறுத்தியிருக்கிறேன். உள்ளே நல்ல புல். முப்பத்தொன்று தினமும் அதைச் சுற்றிவந்து பக்கவாட்டில் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போகிறான்.

அக்டோபர் 14, ஞாயிறு

இன்று டீக்கனைக் கூப்பிட்டேன். நேராகப் பலகை ஏறி உள்ளே போனான். முப்பத்தொன்று கொஞ்ச நேரம் வெளியே நின்றான். சீறினான். பிறகு தலையைத் தாழ்த்தி, டீக்கனின் பின்தொடையில் மூக்கை வைத்துக்கொண்டு அவனும் ஏறிவிட்டான்.

ஓபல் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரையும் கொண்டுபோ. ஒருத்தனைத் திருப்பிக் கூட்டிட்டு வா."

"அப்புறம் அவனை என்ன பண்றது?"

"வருஷா வருஷம் இதே வேலை. திங்கிற புல்லுக்கு உழைக்கட்டும். உன்னைவிட நல்லா ஏத்துறான்."

இதுதான் வழி என்று எனக்கும் தெரிந்தது. இருந்தாலும் அவள் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

அக்டோபர் 23, செவ்வாய்

முடிந்தது.

அதிகாலைப் பனியில் இரண்டு பேரும் ஏறினார்கள். வழி முழுக்கச் சத்தம் இல்லை. டாயலின் தொழுவத்தில் கதவைத் திறந்ததும் டீக்கன் என்னைப் பார்த்தான். கூப்பிட்டேன். இறங்கினான். அவன் பின்னால் ஆட்டுக்குட்டி மாதிரி முப்பத்தொன்று. குறுகலான பாதையில் டீக்கன் முன்னால் நடந்தான். டாயல் இரண்டு பேருக்கும் நடுவில் கதவை மெதுவாகச் சாத்தினான். டீக்கனைப் பக்க வழியாகத் திருப்பி என்னிடம் விட்டான்.

"நல்ல வேலைக்காரன். அடுத்த வருஷமும் இவனையே கூட்டிட்டு வாங்க."

எனக்கு வேண்டியது இதுதான். கிடைத்துவிட்டது.

திரும்பும்போது வண்டி லேசாக இருந்தது. வீட்டில் பலகையை இறக்கிய பிறகும் டீக்கன் உடனே இறங்கவில்லை. வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. இதை நான் யாருக்கும் கடிதமாக எழுத மாட்டேன்.

நவம்பர் 8, வியாழன்

கறி வந்துவிட்டது. ஓபல் நேற்று ஒரு தொடைத் துண்டை வெங்காயத்தோடு நாள் முழுக்க வேகவைத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலை எல்டன் போனில் கூப்பிட்டார்.

"டேய், அந்த முரடன் கறி இப்படி வெண்ணெய் மாதிரி இருக்கும்னு நான் நினைக்கவே இல்லைடா. அவனை என்னடா பண்ணினே?"

ஜன்னலுக்கு நேரே டீக்கன் மேய்ந்துகொண்டிருந்தான். அவன் பக்கத்தில், அடுத்த வருடம் போக வேண்டிய இளம் எருது. இப்போதே அவனை விட்டு நகர்வதில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலை," என்றேன்.