சிப்பைச் சோதித்த விதம்

ஆர்.எஸ்.புரம், கோவை.
12.5.1999

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நம் வீட்டுக் கூடத்து மின்விசிறியை நிறுத்தி வைப்பதென்று, உங்கள் அப்பா தலைமையில் கூடிய பெரியவர்கள் நெடுநேரம் ஆலோசித்து முடிவெடுத்தார்கள். நீங்கள் அமெரிக்காவில் செய்து கொடுத்தனுப்பிய சிப் காற்றில் பறந்துவிடக் கூடாது என்பது காரணம். அது மின்சுற்று அட்டையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, பறக்காது என்றேன். மே மாத வெயிலில் எல்லோரும் வியர்த்துக்கொண்டே அதைப் பார்த்தோம்.

நீங்கள் எழுதியபடியே விளக்கினேன். உள்ளே தூசியளவு சிலிக்கன் துண்டு அதிர்ந்துகொண்டிருக்கும். சிப்பைத் திருப்பினால் அது பக்கவாட்டில் ஒதுங்கும். அதை வைத்து எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று மின்சாரத்தில் சொல்லும். கார் வழுக்கித் திரும்பினால் பிரேக்குக்குச் செய்தி போகும். "அப்ப இது சுத்தாதா கண்ணு?" என்று அத்தை கேட்டார். சுற்றாது என்றேன். "உக்காந்த எடத்துல இருந்துட்டு அடுத்தவங்க சுத்தறதச் சொல்லுதாக்கும். நம்ம சின்னக் கொழுந்தனாராட்டம்" என்றார். உங்கள் சித்தப்பா எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டுவிட்டார். சிப் பறக்கவில்லை.

உங்கள் அப்பா சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியும். இந்தச் சிப் நம் சிங்காநல்லூர் கம்பெனி மோட்டாருக்கு ஒத்துவந்தால் நீங்கள் அங்கேயே வேலை பார்க்கலாம். நானும் உங்களிடம் வந்து சேரலாம். ஒத்துவராவிட்டால் நீங்கள் திரும்பிவந்து கம்பெனியைப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் விடுமுறையில் மட்டுமே சேர்ந்திருந்தவள் என்பதால், நான் சிரத்தையாகவே செய்துகாட்டினேன். சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையால் திருப்பினேன். சிப்போடு வயரில் இணைத்திருந்த மீட்டரின் முள் நகர்ந்தது. "கையில திருப்புனாக் குழாய்கூடத் திரும்பும் அம்மணி. மோட்டாரு ஷாப்டுல மாட்டி ஓட்டிப் பாக்கோணும்" என்றார் அப்பா.

நொடிக்கு அரைச் சுற்றுக்கு மேல் இதனால் அளக்க முடியாது, நம் மோட்டார் நொடிக்கு இருபத்து நாலு சுற்றுச் சுற்றுகிறது என்று கம்பெனிக்கே போய்ச் சொன்னேன். ஃபோர்மேன் ஆறுச்சாமி வருத்தப்பட்டார். "அத்தன மெதுவாச் சுத்தற மோட்டாரு நம்மகிட்ட இல்லீங்களே. அப்படிச் சுத்துனா ரிப்பேருன்னு திருப்பி அனுப்பிப்போடுவாங்க."

முறைப்படி சந்தனப் பொட்டு வைத்தார்கள். அதன்பிறகு சிப் தெரியவில்லை, பொட்டுதான் தெரிந்தது. அட்டையை மோட்டார் தண்டில் பசை போட்டு ஒட்டினார்கள். மீட்டர் வயர் தண்டில் சுற்றிக்கொள்ளும் என்றேன். சுவிட்சைப் போட்டார்கள். வயர் சுற்றிக்கொண்டது. பிறகு ஏதோ சுவரில் பட்ட சத்தம் கேட்டது. ஆறுச்சாமி மோட்டாரைத் தடவிப் பார்த்து, "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார். எல்லோருக்கும் நிம்மதி.

"ஒரு நிமிசங்கூட நிக்கலே. இதுக்கா அத்தன தொலவு போயிருக்கறான்?" என்றார் அப்பா.

எனக்கு யார்மீதும் கோபமில்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை. இன்னொரு சிப் இருந்தாலும் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கூப்பிடாமல் அப்பாவைக் கூப்பிடுங்கள். எவ்வளவு நேரமானாலும் அவரிடமே பேசுங்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மருதமலையில் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி,
சண்முகப்பிரியா

பி.கு.: என் விசா நேர்காணலுக்குச் சென்னை போக எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ஆறுச்சாமி இன்று காலை ரத்து செய்துவிட்டு வந்தார்.