ஆற்றுக்குள் இறங்கிய பச்சைப் புள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

கம்பெனி லாரிகள் எங்கே போகின்றன என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு லாரியிலும் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது. லாரி ஓடினால் திரையில் பச்சைப் புள்ளி, நின்றால் சிவப்பு. அவ்வளவு தூரத்தில் லாரி நிற்பது என் திரையில் எப்படித்தான் தெரிகிறதோ!

நேற்று ஒரு பச்சைப் புள்ளி மெதுவாக ஆற்றுக்குள் இறங்கியது. "ஐயோ, லாரி மூழ்குது!" என்று கத்திவிட்டேன். மேனேஜர் அக்கா பதறிப்போய் டிரைவருக்கு போன் போட்டு, என்னிடமே கொடுத்தார்.

"பாப்பா, லாரியப் பெரிய படகுல ஏத்தி அக்கரைக்குப் போறேன். எனக்காகக் கத்த ஒரு ஆளு இருக்கேம்மா!" என்று அவர் சிரித்தார்.

"ஊமைக்கோட்டான்னு நெனச்சேன். தொண்டையப் பாரு!" என்றார் அக்கா. எனக்கு வெட்கமாகிவிட்டது.

இங்கே ஏசி குளிர்கிறது, என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். அப்புறம், நீங்கள் ஓட்டும் லாரியில் அந்தப் பெட்டி இல்லையே அப்பா. வண்டியை எடுக்கும்போது ஒரு மிஸ்டு கால், நிறுத்தியதும் ஒன்று கொடுங்கள். முதலாவது எனக்குப் பச்சை, இரண்டாவது சிவப்பு.

அக்கா கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகள்